வசனத்த ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி: போன் கையில இருக்க விசுவாசத்துல நிக்கிறது எப்படி

விடியறதுக்கு முன்னாடியே "இன்றைய வாக்குத்தத்தம்" வர ஆரம்பிச்சிடும். வாட்ஸ்அப்ல சபை குரூப், குடும்ப குரூப், வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம்னு எல்லா பக்கமும் அதே ரோஜாப்பூ படம், அதே வசனம், நாமளும் ஒரு ஆமென் போட்டுட்டு ரீல்ஸுக்கு போயிடுவோம். இத நிறுத்துங்கன்னு சொல்ல வரல, ஆஸ்பத்திரி பெட்ல கிடக்குறவங்களுக்கும் துபாய்ல ரூம்ல தனியா இருக்குறவங்களுக்கும் அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஆறுதல்னு தெரியும். ஆனா அத வாங்குறதுக்கும் அனுப்புறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்.

மொதல்ல, வசனம் வந்தா அந்த அதிகாரத்த தொறங்க. படத்துல ஒரு வரிதான் இருக்கும், அதுக்கு முன்னாடி பின்னாடி என்னன்னு பைபிள்லதான் இருக்கு. எரேமியா 29:11 எடுத்துக்கோங்க, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", வேலை கிடைக்கணும் விசா கிடைக்கணும்னு இருக்குற எல்லாருக்கும் இது வந்திருக்கும். அது எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு சிறைபோனவங்களுக்கு எரேமியா எழுதி அனுப்புன லெட்டர். அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, 5ம் வசனத்துல வீடு கட்டுங்க தோட்டம் போடுங்கன்னு இருக்கு, அதாவது சீக்கிரம் திரும்பி வர மாட்டீங்க, அங்கயே வாழுங்க, ஆனாலும் நான் உங்கள மறக்கலன்னு தேவன் சொல்றாரு. முழுசா வாசிச்சா ஆறுதல் கொறையாது, கூடத்தான் செய்யும், ஏன்னா இந்த மாசமே நடக்கலயேன்னு மனசு உடைஞ்சு போறவங்களுக்குத்தான் இந்த அதிகாரம் நெஜமாவே தேவைப்படுது. எக்ஸாம் சீசன்ல சுத்துற பிலிப்பியர் 4:13ம் ("என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு") அப்படித்தான், பவுல் காவல்ல இருந்து எழுதுனது, முந்தின வசனத்துல பட்டினியா இருக்கவும் கத்துக்கிட்டேன்னு சொல்றாரு. பிள்ளைங்களுக்கு அந்த ரெண்டு வசனத்தையும் சேர்த்து அனுப்புங்க, மார்க் கொறஞ்சாலும் அது நிக்கும்.

அதே எரேமியாவுல 28ம் அதிகாரத்தையும் வாசிச்சிடுங்க, தீர்க்கதரிசன வீடியோ பாக்குற எல்லாரும் வாசிக்கணும்னு நெனைக்கிறேன். அனனியான்னு ஒருத்தர், கர்த்தர் சொல்றாருன்னு சொல்லி, பாபிலோனுக்கு போனதெல்லாம் ரெண்டே வருஷத்துல திரும்பி வரும்னு, பாபிலோனுக்கு அடங்கி இருக்கணும்ங்கிறதுக்கு அடையாளமா எரேமியா கழுத்துல போட்டிருந்த நுகத்த ஜனங்க முன்னாடி ஒடைச்சு காட்டுனாரு. ஜனங்க கேக்க ஆசைப்பட்டது அதுதான். ஆனா கர்த்தர் அவர அனுப்பல. அதனால "இந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு இது நடக்கும்"னு தம்ப்நெயில் வந்தா அவசரப்படாதீங்க. கட் பண்ண கிளிப்ப விட்டுட்டு முழு வீடியோவ தேடுங்க, எப்ப அப்லோட் பண்ணாங்கன்னு தேதிய பாருங்க (நடந்து முடிஞ்சப்புறம் தலைப்ப மாத்தியும் போடுவாங்க), அதே ஊழியர் போன வருஷம் சொன்னது என்ன ஆச்சுன்னு பாருங்க. இது அவிசுவாசம் இல்ல. 1 தெசலோனிக்கேயர் 5ல தீர்க்கதரிசனத்த அற்பமா நெனைக்காதீங்கன்னு சொன்ன கையோட எல்லாத்தையும் சோதிச்சு பாருங்கன்னும் இருக்கு, பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரங்க தினமும் வேதத்த பாத்து செக் பண்ணாங்கன்னு அப்போஸ்தலர் 17:11 சொல்லுது. மெசேஜ் மேல ரெட்டை அம்புக்குறி இருந்தா பல கை மாறி வந்ததுன்னு அர்த்தம், அங்க கொஞ்சம் நிதானிங்க. "10 பேருக்கு அனுப்புனா ஆசீர்வாதம், அனுப்பலன்னா கெட்டது நடக்கும்"னு வர்றத யோசிக்காம டெலிட் பண்ணுங்க, கிருபை அப்படி வேலை செய்யாது.

அடுத்தது ஜெப விண்ணப்பம், எனக்கு ரொம்ப வலிக்குற விஷயம் இது. ஒரு அக்காவுக்கு கர்ப்பம் கலைஞ்சிடுச்சு, ஒரு தம்பி குடிய விட முடியாம தவிக்கிறான், யாரோ ஒருத்தர் அன்புலதான் குரூப்ல பேரோட போடுறாங்க, ஸ்கேன் ரிப்போர்ட்டயும் சேர்த்து. சாயங்காலத்துக்குள்ள அது சொந்தக்காரங்க குரூப் வரைக்கும் போயிடும். அப்புறம் அவங்க சபைக்கு வரவே கூச்சப்படுவாங்க. அதனால சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேக்காம போடாதீங்க. சரின்னு சொன்னாலும் எந்த அளவுக்கு சொல்லலாம்னு கேளுங்க, "ஒரு சகோதரிக்காக ஜெபிங்க"ன்னாலே போதும், கர்த்தருக்கு பேர் தெரியும். ரிப்போர்ட், ஐசியு போட்டோ எதுவும் வேணாம். குரூப் அட்மினா இருந்தா அப்படி வந்த மெசேஜ எல்லாருக்கும் சேர்த்து நீங்களே டெலிட் பண்ண முடியும், பண்ணிட்டு போட்டவங்கள தனியா கூப்பிட்டு பக்குவமா சொல்லுங்க. ஜெபிக்கிறேன்னு கைகூப்புற எமோஜி போட்டீங்கன்னா அந்த நிமிஷமே கண்ண மூடி ரெண்டு வார்த்தை ஜெபிச்சிடுங்க, அப்புறம்னா மறந்துபோகும்.

தனி ஜெபத்துக்கு, மத்தேயு 6:6ல அறைவீட்டுக்குள்ள போய் கதவ பூட்டுன்னு இருக்கு. நம்ம கதவு இப்ப ஏரோபிளேன் மோடுதான். பைபிள் ஆப்ல தமிழ் பைபிள டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டா நெட் இல்லாமலே வாசிக்கலாம், முடிஞ்சா பேப்பர் பைபிளே எடுங்க. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தபசு காலத்துல கறி விடுற மாதிரி ஏதாவது ஒரு ஆப்ப விட்டு பாருங்க, அந்த நேரத்த யாருக்காவது குடுங்க.

காணிக்கை க்யூஆர் கோட் ஃபார்வர்ட்ல வந்தா ஸ்கேன் பண்ணதும் வர்ற பேர பாருங்க, சபை பேரோ டிரஸ்ட் பேரோ இல்லாம தெரியாத ஒரு ஆள் பேர் வந்தா நிறுத்திட்டு சபை ஆபீஸ்ல கேளுங்க.

கமெண்ட்ல ஆர்சி, சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தேன்னு அடிச்சுக்கிறத வேற மதத்து நண்பர்களும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. மத்தவங்க சாமிய கேலி பண்ற மீம ஷேர் பண்ணி யாரும் இயேசுகிட்ட வந்ததா நான் பாத்ததில்ல. ஒரு சகோதரன் தப்பு பண்ணா மொதல்ல அவனும் நீயும் மட்டும் இருக்கும்போது பேசுன்னு மத்தேயு 18:15ல இருக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க.

கடைசியா லைவ் ஆராதனை. 2020 ஊரடங்குல அது நம்மள தாங்குச்சு, நன்றியோட ஒத்துக்கணும். ஆனா நடக்க முடியுறவங்க வீட்டுலயே உக்காந்து 1.5 ஸ்பீடுல பிரசங்கம் பாத்தா, எபிரெயர் 10:25 சொல்ற கூடிவருதல் அது ஆகாது. நடக்க முடியாத பெரியவங்களுக்கு லைவ் வேணும்தான், அதோட நிறுத்தாம உங்க தெருவுல அப்படி யாரெல்லாம் இருக்காங்கன்னு பாத்து உங்க சபை ஐயர்கிட்டயோ பாஸ்டர்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ சொல்லுங்க, திருவிருந்தோ நற்கருணையோ வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்க சொல்லி கேளுங்க, அவங்க வர்ற அன்னைக்கு நீங்களும் கூட போங்க.