வளர்ச்சி தாமதம்: மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வீடியோ

18 மாதம் ஆகியும் தனியே நடக்காத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத குழந்தையை, “இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பி வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் இடம்) பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். மேலூர், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே காட்டி, பரிந்துரைச் சீட்டு கேட்கலாம்.

புது இடத்தில், கூட்டத்தின் நடுவே, பல குழந்தைகள் அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டே இருப்பதால், அவர்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பது மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே இட்லியைப் பிட்டு வாயில் வைப்பது, வாசற்படி ஏறுவது, பந்தைத் தேடுவது, கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பவற்றை வீட்டிலேயே செல்போனில் சிறு சிறு பதிவுகளாக எடுத்துச் செல்லுங்கள். பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு என்று நிச்சயம் கேட்பார்கள். பேச்சு வரவில்லை என்றால், காது கேட்கும் திறனை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு முன்பே இது முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சியாளர் செய்து காட்டுவதையும் அவரது அனுமதியுடன் பதிவு செய்துகொண்டால், குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பாட்டியும் அதையே செய்யலாம்.