முதல் செமஸ்டர் பிசிகல் ஜியாலஜியை எப்படிப் படிப்பது

ஜியாலஜி எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஜியாகிரபி என்று நினைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் வேலை கிடைக்குமா என்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ வரை இந்தப் பாடத்தின் பக்கமே போகாமல் காலேஜுக்கு வந்து, முதல் செமஸ்டரில் பிசிகல் ஜியாலஜி பேப்பரைப் பார்த்து முழிக்கிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன்.

புத்தகம் பூமி எப்படித் தோன்றியது என்று ஆரம்பிக்கும். நீங்கள் அங்கே ஆரம்பிக்க வேண்டாம். சிலபஸில் கனிமங்கள் மூன்றாவது யூனிட்டில் இருந்தாலும் முதலில் அதற்குப் போய்விடுங்கள், ஏனென்றால் எரிமலையோ, மண்ணோ, நிலநடுக்கமோ எதைப் படித்தாலும் கடைசியில் பேச்சு குவார்ட்ஸிலும் பெல்ட்ஸ்பாரிலும்தான் வந்து நிற்கும், அந்த இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு மற்றதெல்லாம் வெறும் மனப்பாடம். முதல் மாதத்துக்குப் பத்து போதும்: குவார்ட்ஸ், ஆர்த்தோகிளேஸ், பிளேஜியோகிளேஸ் (இவை இரண்டும் பெல்ட்ஸ்பார் வகை), மஸ்கோவைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட், பைராக்சின், ஒலிவின், கால்சைட், ஜிப்சம்.

என் முதல் இன்டர்னல் பிராக்டிகலில் ஸ்பாட்டர்ஸ் (பார்த்துப் பெயர் சொல்ல வைக்கிற கற்கள்) வரிசையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. பளபளப்பாக இருக்கிறதே என்று குவார்ட்ஸ் என எழுதினேன், எழுதின பெயருக்கு ஏற்ற குணங்களையும் ஞாபகத்திலிருந்து அடுக்கினேன், கடினம் 7 (1 முதல் 10 வரையான மோஸ் அளவில்), பிளவு (கல் தட்டையான பரப்புகளாக உடைவது) இல்லை என்று. ஆனால் கண் முன்னால் இருந்த கல்லில் மூன்று திசையில் சாய்சதுரமாகப் பிளவு அப்பட்டமாகத் தெரிந்தது. கால்சைட். முழு மார்க்கும் போச்சு. அதற்கப்புறம் நான் வைத்துக்கொண்ட பழக்கம், பெயரைக் கடைசியில்தான் எழுதுவது. முதலில் பிளவு, அப்புறம் கடினம், ஸ்ட்ரீக் (தேய்த்தால் விழும் பொடியின் நிறம்), எடை எப்படித் தோன்றுகிறது, இதையெல்லாம் பார்த்தபடி எழுதிவிட்டால் பெயர் தப்பானாலும் பாதி மார்க்காவது தேறும்.

வெள்ளைக் கற்கள் மூன்றும்தான் எல்லோரையும் கவிழ்க்கும். ஒரு இரும்பு ஆணியால் கீறுங்கள்: கோடு விழுந்தால் கால்சைட். விழவில்லை என்றால் கல்லைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மொத்தமாக மின்னி, கிட்டத்தட்ட செங்குத்தாக இன்னொரு பக்கமும் அப்படியே மின்னினால் பெல்ட்ஸ்பார். உடைந்த பாட்டில் போல வளைவு வளைவாக உடைந்திருந்தால் குவார்ட்ஸ். கால்சைட்தானா என்று சந்தேகம் வந்தால் கீறின பொடிமேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், லேசாக நுரைக்கும். லேபில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நன்றாகவே பொங்கும்.

வீட்டில் ஒரு சின்ன டப்பா கிட் வைத்துக்கொள்ளுங்கள். 10 மடங்கு லென்ஸ், ஆணி, கண்ணாடித் துண்டு, பளபளப்பு பூசாத டைல்ஸின் பின்பக்கம் (ஸ்ட்ரீக் பார்க்க இது போதும், ஹெமடைட் செம்பழுப்பாகக் கோடு போடும், மேக்னடைட் கறுப்பாக). புத்தகங்களில் செப்புக் காசால் கீறிப் பார் என்று இருக்கும். நம் கையில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதை நம்பிக் கீறினால் விடை தப்பாகிவிடும், கொஞ்சம் தடிமனான செப்புக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அடர்த்தி எண்ணுக்கு சமையலறை டிஜிட்டல் தராசே போதும். கல்லை எடை போடுங்கள், 265 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தராசின்மேல் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து அளவை பூஜ்ஜியமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 100 காட்டினால் 265-ஐ 100-ஆல் வகுங்கள், 2.65, குவார்ட்ஸின் எண் வந்துவிட்டது. இதை ஒருமுறை செய்தவருக்கு பேரைட் 4.5, கலீனா 7.5 என்பதெல்லாம் கையில் கனமாகவே ஞாபகம் இருக்கும்.

கனிமங்கள் பழகினதும் பவன் வரிசை. முழுப் பாடத்திலும் நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து. பாறைக்குழம்பு ஆறும்போது ஒலிவின் முதலில் படிகமாகும், பிறகு பைராக்சின், ஹார்ன்பிளெண்ட், பயோடைட், இன்னொரு பக்கம் கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் தொடங்கி சோடியம் மிகுந்ததுவரை, கடைசியில் ஆர்த்தோகிளேஸ், மஸ்கோவைட், குவார்ட்ஸ். இதைத் தனியாக ஒரு யூனிட்டில் படித்துவிட்டு, சிதைவு என்ற பாடத்தை வேறு ஒரு யூனிட்டில் தனியாகப் படிப்பதுதான் வழக்கம். வேண்டாம், இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். கோல்டிச் என்ற ஜியாலஜிஸ்ட் 1938-ல் சொன்னது இதே வரிசைதான்: அதிக வெப்பத்தில் முதலில் உருவான கனிமம்தான் மேற்பரப்புக்கு வந்ததும் முதலில் சிதையும், கடைசியில் உருவான குவார்ட்ஸ் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். காவிரி மணலில் குவார்ட்ஸ் ஏன் நிறைந்திருக்கிறது, டெல்டாவின் களிமண் எங்கிருந்து வந்தது (பெல்ட்ஸ்பார் சிதைந்து), இந்த ஒரு தாளிலேயே விடை இருக்கிறது. பத்து மார்க் கேள்வி எதில் வந்தாலும் இதை வரைந்து ஆரம்பிக்கலாம்.

பாறை அடுக்கு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்கிற ஸ்ட்ரைக், டிப் இரண்டும் புரியவில்லை என்று நிறைய பேர் சொல்வார்கள். பரீட்சை அட்டையைப் பாதித் தண்ணீர் உள்ள பக்கெட்டில் சாய்வாகப் பிடியுங்கள். தண்ணீர் அட்டையைத் தொடுகிற கோடு ஸ்ட்ரைக். அட்டையின் மேல்பகுதியில் ஒரு சொட்டு விட்டால் அது ஓடுகிற திசை டிப் திசை, ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்து. அட்டைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள கோணம் டிப். இதைப் பார்த்தவருக்கு இவற்றை அளக்கிற கிளினோமீட்டர் காம்பஸ் பயமாக இருக்காது.

காலத்தை பில்லியனில் படிக்காதீர்கள், கோடியில் படியுங்கள். பூமிக்கு வயது 454 கோடி. சென்னைப் பல்லாவரம் பாறை சுமார் 250 கோடி. டெக்கான் எரிமலைக் குழம்பு 6.6 கோடி, இந்தியாவைச் சுமக்கும் நம் நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி, மனிதன் வந்தது சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன். கோடியும் லட்சமும் நமக்கு வீட்டுமனை விலை பேசுகிற எண்கள், அதனால் எது பெரிது என்று யோசிக்கவே வேண்டாம்.

நிலநடுக்கப் பகுதியில் ஒரு குழப்பம் ரொம்பச் சாதாரணம்: நிலநடுக்க அளவு (மேக்னிட்யூட்) ஒன்று கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நிலநடுக்க அலைகளில் ஒன்றான S அலை திரவத்தில் போகாது, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் அது நின்றுவிடுவதால்தான் வெளிக்கருவம் (பூமியின் கருவத்தின் வெளிப்பகுதி) திரவம் என்று சொல்கிறோம், இந்தக் காரணத்தை எழுதாமல் வெறுமனே 'திரவம்' என்றால் மார்க் குறையும். பனியாறு, பாலைவனம் யூனிட்டெல்லாம் படம் வரையத் தெரிந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

கல் பார்க்க தூரம் போக வேண்டாம். கிரானைட் ஷோரூமில் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். அங்கே 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், கிரானைட்டே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு கிரானைட்டில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய படிகங்கள், கறுப்புக் கல்லில் பொடிப்பொடியானவை: முதலாவது மெதுவாக ஆறியது, இரண்டாவது சீக்கிரம் ஆறியது. கடைக்காரர் முறைத்தால் வீடு கட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் போனால் சார்னகைட் பார்க்கலாம், ஹைப்பர்ஸ்தீன் (ஒரு வகை பைராக்சின்) உள்ள கிரானைட் மாதிரிப் பாறை, எண்ணெய் பூசினது போல மங்கலான பச்சை கலந்த சாம்பல் நிறம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான், 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் அதைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை வைத்தார். வைவாவில் இதைக் கேட்பார்கள், உலகம் முழுக்க வழங்குகிற ஒரு பாறைப் பெயரின் பின்னால் நம்மூர்க் கல் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

ஃபீல்டு டிரிப் அநேகமாக அரியலூர், பெரம்பலூர் பக்கம் இருக்கும், கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லும் சிப்பிகளும் அங்கேதான். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது, அதன் பக்கத்தில் சுத்தியலைப் பையை விட்டே எடுக்காதீர்கள். மற்ற இடங்களில் சாம்பிள் எடுத்தால் எடுத்த இடத்திலேயே மார்க்கரால் எண் போட்டு, நோட்டில் அதே எண், இடம், டிப், பாறையின் ஒரு குறுக்குப் படம், வடக்கு அம்பு, அளவுக்கு ஒரு பேனா வைத்து ஒரு போட்டோ. நான் முதல் டிரிப்பில் ஒன்பது கல் எடுத்துவந்து பஸ்ஸில் எண் போடலாம் என்று விட்டுவிட்டேன். ரெக்கார்ட் எழுத உட்கார்ந்தபோது நான்குக்குத்தான் எந்த இடம் என்று தெரிந்தது, மீதி ஐந்தும் இன்னும் மாடிப்படியில் பூத்தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.