பி2 ஃபர்ஸ்ட் பேச்சுத் தேர்வில் இரண்டு படங்களை ஒப்பிடுவது எப்படி?

கேம்பிரிட்ஜின் ஆங்கில மொழித் தேர்வான பி2 ஃபர்ஸ்டின் பேச்சுத் தேர்வு, பொதுவாக இருவர் சேர்ந்து அமரும் 14 நிமிடத் தேர்வு. அதன் இரண்டாம் பகுதியில் தேர்வாளர் உங்களிடம் இரண்டு படங்களைத் தந்து, அவற்றை ஒப்பிட்டு, தாளின் மேலே அச்சிட்டிருக்கும் கேள்விக்கும் விடை சொல்லச் சொல்வார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம்தான்.

பலரும் முதல் படத்திலுள்ள மேசை, ஜன்னல், சட்டையின் நிறம் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கி, இரண்டாம் படத்தைத் தொடுவதற்குள் நேரத்தை இழந்துவிடுகிறார்கள். கண்ணில் படுவதையெல்லாம் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. எது ஒன்றுபடுகிறது, எது வேறுபடுகிறது என்பதே கேள்வி. ஆகவே முதல் வாக்கியத்திலேயே இரண்டு படங்களையும் சேர்த்துப் பிடியுங்கள்.

ஒரு படத்தில் நூலகத்தில் தனியே படிக்கும் பெண், மற்றதில் பூங்காப் புல்தரையில் கூடிப் படிக்கும் நண்பர்கள் என்றும், அவர்கள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கேள்வி என்றும் வைத்துக்கொள்வோம். 'போத் பிக்சர்ஸ் ஷோ பீப்பிள் ஸ்டடியிங்' என்று தொடங்கி, 'பட் வைல் த கேர்ள் இஸ் ஆன் ஹெர் ஓன், த அதர்ஸ் ஆர் ஒர்க்கிங் டுகெதர்' என்று பிரித்துக் காட்டினால், பத்து நொடிகளுக்குள் ஒப்பீடு தொடங்கிவிடும். இன்னும் ஓரிரு வேறுபாடுகளைச் சொன்னதும் கேள்விக்குப் போய்விடுங்கள், ஏனெனில் பெரும்பாலோர் கோட்டை விடுவது அங்கேதான். படத்தில் காரணம் எழுதியிருக்காது, ஊகிக்கத்தான் வேண்டும். 'ஷீ மைட் ஹேவ் அன் எக்ஸாம் சூன்', 'தே லுக் அஸ் இஃப் தே ஆர் என்ஜாயிங் இட்' போன்ற ஊக வாக்கியங்கள் இங்கே இயல்பாகப் பொருந்தும். 'மோர் ஈசியர்' என்று இரட்டிப்பாகச் சொல்லும் பழக்கத்தை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள், 'ஈசியர்' போதும்.

ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் தயங்கி நிற்க வேண்டாம், அது எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லிக் கடந்துவிடலாம். தேர்வாளர் 'தேங்க் யூ' என்று இடைமறித்தால் அது நேரம் முடிந்ததற்கான அறிகுறி மட்டுமே. அதற்காக மதிப்பெண் குறையாது.

உடன் அமர்ந்தவர் தம் படங்களைப் பற்றிப் பேசும்போது குறுக்கிடாமல் கவனியுங்கள். அவர் முடித்ததும் அதே படங்களைப் பற்றி உங்களிடம் ஒரு சிறு கேள்வி வரும். அதற்குச் சுமார் 30 நொடிகள் உண்டு என்பதால், ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.