காரில் லேப்டாப் சார்ஜ் செய்ய

முதலில் லேப்டாப்போடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான்.

லேப்டாப் யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் என்றால் வேலை சுலபம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 'பவர் டெலிவரி' (யூஎஸ்பி-சி வழியாக அதிக வாட் தரும் முறை) சார்ஜர் ஒன்று போதும். ஆனால் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். பல சமயம் அது எல்லா போர்ட்டும் சேர்ந்த கணக்கு. ஒரு போர்ட் மட்டும் 20 வோல்ட்டில் எவ்வளவு தரும் என்று பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போனால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும்.

பழைய உருண்டைப் பின் லேப்டாப்புக்கு, அதற்கேற்ற கார் சார்ஜர் கிடைக்காவிட்டால் இன்வெர்ட்டர்தான் வழி. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. 12 வோல்ட்டை ஏசியாக்கி, அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக்கி, நடுவில் கொஞ்சம் மின்சாரம் சூடாகவே போய்விடும். விசிறி சத்தம் வேறு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையில் தரும் 'ப்யூர் சைன் வேவ்' வகை வாங்குங்கள். சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்தான். கார் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எஞ்சினை ஸ்டார்ட் செய்தபின் செருகுங்கள். நிறுத்திய காரில் 65 வாட் என்றால் பேட்டரியிலிருந்து மணிக்குச் சுமார் 6 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) போகும். கால் மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்: வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றிவிடுங்கள்.