கண்ணாடி பாட்டிலில் ஒரு சோடா ஏரி: சல்ஃபேட் பாக்டீரியா வளர்க்கும் முறை

உவர் நிலத்தில் உப்பு மிகுதி, களர் நிலத்தில் காரம் மிகுதி. இரண்டும் ஒரே நீரில் சேர்ந்தால் அதுதான் சோடா ஏரி. மகாராஷ்டிரத்தின் லோணாரும் கென்யாவின் மகாடியும் அப்படிப்பட்டவை. அவற்றின் அடிச்சேற்றில் ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மகாடியில் கிடைத்து 1997-இல் பெயர் சூட்டப்பட்ட ஒன்று ஹைட்ரஜனையே உணவாக்கிக்கொள்கிறது.

சென்னையில் சோடா ஏரி இல்லை. லோணாரிலிருந்து சேறு அள்ளி வரவும் கூடாது. அது சரணாலயம், 2020 முதல் ராம்சார் தலமும்கூட (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்). அதனால் முட்டுக்காட்டு உப்பங்கழிச் சேற்றில் செய்து பார்த்தேன். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1880-களில் தொடங்கிவைத்த சேற்றுப் பாட்டில் முறையேதான், கார நீரில்.

1. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கல்லுப்பு 30 கிராம், சலவை சோடா 10 கிராம், ஆப்ப சோடா 10 கிராம், சோடியம் சல்ஃபேட் 3 கிராம் கரையுங்கள். கடைசியாகச் சொன்னதை ரசாயனக் கடையில் கேளுங்கள். சலவை சோடா என்றால் சோடியம் கார்பனேட், துணி துவைக்கும் பவுடர் அல்ல. பி.எச். 10-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மீன் தொட்டிக்கு விற்கும் பி.எச். கிட் வேண்டாம், அது இவ்வளவு உயரம் காட்டாது. 14 வரை காட்டும் தாள் வாங்குங்கள்.

2. சேற்றில் கிழித்த செய்தித்தாளைப் பிசைந்து, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கண்ணாடியை ஒட்டிச் செருகுங்கள். கையுறை அவசியம்.

3. மேலே சோடா நீரை ஊற்றி, மூடியை லேசாகத் திருகி, இருட்டான அலமாரியில் வையுங்கள். சோடா இரண்டும் சேர்க்காத இன்னொரு பாட்டிலும் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி காத்திருப்பது. நான் தவறியது இங்கேதான். சாதா பாட்டில் இரண்டே வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. சோடா பாட்டிலில் ஒரு வாசனையும் இல்லை. எல்லாம் செத்துவிட்டது என்று கொட்டிவிட்டேன். பிறகுதான் காரணம் புரிந்தது: நாறுவது, இந்த பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சுவாசித்து வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. பி.எச். 10-இல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாயுவாக இருக்கும். மற்றதெல்லாம் அயனியாகி நீரிலேயே தங்கிவிடும். ஆகவே மூக்கை நம்பாதீர்கள், ஆணியைப் பாருங்கள். சல்ஃபைடு உருவானால் இரும்போடு சேர்ந்து கன்னங்கரேலென்று படியும். இரண்டாம் முறை எனக்கு ஏழு வாரம் ஆனது. உப்பங்கழி உயிர்களில் இந்தக் காரத்தைத் தாங்குபவை கொஞ்சம்தான், அவை பெருக நேரம் கொடுங்கள். வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள், 9-க்குக் கீழே போனால் சிட்டிகை சலவை சோடா போடுங்கள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று வினிகர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அடங்கிக் கிடந்த சல்ஃபைடு அத்தனையும் நச்சு வாயுவாகக் கிளம்பும்.

பின்சேர்க்கை: "சேறு முதல் நாளே கறுப்பாக இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சரியான கேள்வி, நான் எழுத மறந்தது. சேற்றைத் தட்டில் மெல்லப் பரப்பி, காய்ந்துவிடாமல் நீர் தெளித்து, ஓரிரு நாள் காற்றாட விடுங்கள். பழைய கறுப்பு பழுப்பாகும். அதன்பின் வருவதுதான் புதிது.

இன்னொருவருக்குக் கரைசல் பால்போல் வெளுத்து, பி.எச். இறங்கிவிட்டது. அவர் ஊற்றியது போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோடாவைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் படிந்துவிடும். கழிமுகத் தண்ணீரை ஊற்றினாலும் இதே கதைதான்.