எம்பிபிஎஸ் சீட்டுக்கு மார்க்கோட பேப்பரும் ரெடியா இருக்கணும்

பிளஸ் டூ பசங்க இருக்கிற வீட்டுல எல்லாம் நீட் மார்க் பத்தியே பேச்சு, சர்டிபிகேட் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல, அப்புறம் ரிசல்ட் வந்தன்னிக்குத்தான் இ-சேவை மையத்துல கூட்டம் முண்டியடிக்கும். நான் சென்னை வியாசர்பாடி, எங்க தெருவுல இருக்கிற புள்ளைங்களுக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிறது வழக்கம், அதுல பாத்ததை வச்சு சொல்றேன், பெத்தவங்களும் சேர்ந்து படிங்க.

தகுதி விஷயம் சுருக்கமா முடிச்சிடலாம். 12வதுல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி இல்லன்னா பயோடெக்னாலஜி, கூட இங்கிலீஷ் இருக்கணும். அந்த சயின்ஸ் பாடங்கள் மூணும் சேர்த்து ஓசிக்கு 50 சதவீதம், பிசி எம்பிசி எஸ்சி எஸ்டிக்கு 40. சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும். அவ்ளோதான்.

இப்போ முக்கியமானது, பேரு. நம்ம ஊர்ல ஸ்கூல்ல எஸ். கார்த்திகான்னு இருக்கும், ஆதார்ல கார்த்திகா சேகர்னு இருக்கும், சாதிச் சான்றிதழ்ல அப்பா பேரு சேகரன்னு ஒரு 'ன்' கூடுதலா இருக்கும், மூணும் ஒரே புள்ளதான்னு நமக்குத் தெரியும், வெரிபிகேஷன்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. 11வது படிக்கும்போதே 10வது மார்க் ஷீட்டை எடுத்து பக்கத்துல வச்சுகிட்டு ஆதார், கம்யூனிட்டி சர்டிபிகேட் எல்லாத்தையும் எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க, பிறந்த தேதியையும் சேர்த்து. மார்க் ஷீட்டை மாத்துறது பெரும்பாடு, அதனால அதை அப்படியே வச்சுட்டு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி திருத்துங்க.

நீட் அப்ளிகேஷன் போடும்போது ஈமெயில், போன் நம்பர் ரெண்டும் உங்களோடதா இருக்கணும், தயவு செஞ்சு பிரௌசிங் சென்டர்காரர் மெயில் ஐடிய குடுக்காதீங்க, கவுன்சிலிங் முடியுற வரைக்கும் ஓடிபி எல்லாம் அதுக்குத்தான் வரும், அவர் கடைய பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க. போட்டோ வெள்ளை பேக்ரவுண்ட்ல எடுத்து பாஸ்போர்ட் சைஸ், போஸ்ட்கார்டு சைஸ் ரெண்டும் பிரிண்ட் போட்டு வச்சுக்கோங்க, அட்மிஷன் வரைக்கும் அதே போட்டோதான்.

சர்டிபிகேட்டுக்கு வருவோம். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாமே இ-சேவைல அப்ளை பண்ணி விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு ஒவ்வொரு டேபிளா போகும், ஒரு இடத்துல நின்னாலும் நாள் இழுத்துடும். அதனால ஜனவரி, பிப்ரவரிலயே ஆரம்பிங்க. வீட்டுல அதுக்கு முன்னாடி யாரும் டிகிரி முடிக்கலன்னா முதல் பட்டதாரி சான்றிதழ் கண்டிப்பா வாங்குங்க, கட்டண சலுகை இருக்கு. பிசி எம்பிசி புள்ளைங்க ஒண்ணு தனியா கவனிங்க, அகில இந்திய கோட்டாவுக்கு (அரசுக் கல்லூரி சீட்டுல எல்லா மாநிலத்துக்கும் பொதுவான 15 சதவீதம்) நம்ம ஊரு கம்யூனிட்டி கார்டு செல்லாது, மத்திய அரசு பார்மட்ல ஓபிசி சர்டிபிகேட் வேணும், அது அந்த நிதியாண்டுல வாங்கினதா இருக்கணும், அதாவது ஏப்ரல் 1க்கு அப்புறம் தேதி. இத மட்டும் முன்னாடியே வாங்கி வச்சுப் பிரயோஜனம் இல்ல, ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையா போடுங்க.

6வதுல இருந்து 12வது வரைக்கும் தமிழ்நாட்டுலயே படிச்சவங்க ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஸ்டடி சர்டிபிகேட் வாங்கணும். நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா பழைய ஸ்கூலுக்கு நேர்ல போய் ஹெட்மாஸ்டர் கையெழுத்து, சீல் வாங்கணும், மே மாசம் லீவுல ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டாங்க, அதுக்குள்ள முடிச்சிடுங்க.

அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கே, 2020ல சட்டமா வந்தது, அது நம்ம மாநகராட்சிப் பள்ளிப் புள்ளைங்களுக்கும் உண்டு, 6 டு 12 முழுக்க அங்க படிச்சிருக்கணும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது, சென்னைல நிறைய பேர் எய்டட் ஸ்கூலையும் கவர்மென்ட் ஸ்கூல்னு நினைச்சு கடைசில உடைஞ்சு போறாங்க, அந்தப் புள்ளைங்க முகத்தைப் பாக்க முடியல, முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க. ஆர்டிஇ-ல, அதாவது கல்வி உரிமைச் சட்டத்துல இலவச சீட் வாங்கி, தனியார் பள்ளில 8வது வரைக்கும் படிச்சுட்டு 9வதுல இருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு உண்டு.

இனி படிப்பு. நீட்ல 180 கேள்வி, 720 மார்க், 3 மணி நேரம், அதுல பாதி பயாலஜி, 90 கேள்வி. சரியா போட்டா 4, தப்பா போட்டா 1 போயிடும். ஒரே மார்க்ல ரெண்டு பேர் இருந்தா முதல்ல பயாலஜி மார்க்கைத்தான் பாப்பாங்க. அதனால என்சிஇஆர்டி (சிபிஎஸ்இ பசங்க படிக்கிற புக்) பயாலஜிய படத்துக்கு கீழ இருக்கிற சின்ன எழுத்து வரைக்கும் விடாம படிங்க, நம்ம ஸ்டேட் போர்டு புக்குலயும் நிறைய இருக்கு, ஆனா சொல்ற விதம் வேற, கேள்வி என்சிஇஆர்டி வரியை ஒட்டித்தான் வருது. பிசிக்ஸ்க்கு படிச்சா பத்தாது, தினமும் கணக்கு போட்டுப் பாக்கணும். லட்சக்கணக்குல கட்டி கோச்சிங் போனாதான் ஆகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, பழைய கொஸ்டின் பேப்பரை டைம் வச்சு திரும்பத் திரும்ப போடுறவங்க நல்லா வர்றதை நான் பாத்திருக்கேன்.

தமிழ் மீடியம் புள்ளைங்க தமிழ்ல எழுதலாம், ஆனா கேள்வில சந்தேகம் வந்தா பக்கத்துல இருக்கிற இங்கிலீஷையும் படிங்க, ஏன்னா இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் இறுதி. 2018ல தமிழ் பேப்பர்ல 49 கேள்வில மொழிபெயர்ப்பு தப்புன்னு கேஸ் போச்சு, ஹைகோர்ட் 196 மார்க் குடுக்கச் சொல்லுச்சு, சுப்ரீம் கோர்ட்ல அது நிக்கல.

பரீட்சை மதியம் 2 மணிக்கு, 1.30க்கு கேட் மூடிடுவாங்க. மே மாசம், கத்திரி வெயில். அதனால ஞாயித்துக்கிழமை மாக் டெஸ்ட்ட காலைல போடாம மதியம் 2 டு 5 உட்கார்ந்து போடுங்க, ஓஎம்ஆர் ஷீட்ல பால் பாயின்ட் பேனாவால வட்டத்தை நிரப்பியே பழகுங்க, நிரப்பிட்டா அழிக்க முடியாது. சென்னைன்னு போட்டாலும் சென்டர் ஊருக்கு வெளிய விழலாம், முந்தின நாளே ஒரு தடவை போய் பாத்துட்டு வந்துடுங்க. அரைக்கை சட்டையும் செருப்பும் போட்டுட்டுப் போங்க, ஷூ வேணாம், தோடு சங்கிலி எல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சிடுங்க.

ரிசல்ட் வந்ததும் ரெண்டு கவுன்சிலிங்குக்கும் தனித்தனியா பதியணும். அரசுக் கல்லூரி சீட்டுல 15 சதவீதம் டெல்லில எம்சிசின்னு மத்திய அரசோட கவுன்சிலிங் கமிட்டி நடத்துறது, மீதி 85 நம்ம கீழ்ப்பாக்கம் செலக்‌ஷன் கமிட்டி, ஒண்ணுல பதிஞ்சா இன்னொண்ணுக்கும் ஆச்சுன்னு இருந்துடாதீங்க. சாய்ஸ் பில்லிங்ல, அதாவது எந்தெந்த காலேஜ் வேணும்னு லிஸ்ட் போடுறதுல, உங்களுக்குப் பிடிச்ச வரிசைலயே போடுங்க. எம்எம்சி (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்), ஸ்டான்லி, கேஎம்சி (கீழ்ப்பாக்கம்), ஓமந்தூரார்னு அரசுக் கல்லூரி நாலும் சென்னைலயே இருக்குன்னு அதோட நிறுத்திடாதீங்க, வெளியூர் அரசுக் கல்லூரி எல்லாத்தையும் கீழ வரிசையா சேருங்க. பொண்ண வெளியூர் அனுப்ப மாட்டோம்னு லிஸ்ட்ட சுருக்குற அப்பாம்மாவ கெஞ்சிக் கேக்கிறேன், ஹாஸ்டல் இருக்கு, அனுப்புங்க.

அதே சமயம் வெட்னரிக்கும் தனியா அப்ளை பண்ணி வைங்க, வேப்பேரி காலேஜ் மாதிரி இடத்துல மாநில ஒதுக்கீட்டு சீட்டுக்கு பிளஸ் டூ மார்க்தான், நீட் வேணாம், நர்சிங், பி.பார்மும் அப்படித்தான். சித்தாவுக்கு நீட் வேணும். அலாட்மென்ட் ஆர்டர் வந்துட்டா அதுல போட்டிருக்கிற கடைசித் தேதிக்குள்ள டிசி உட்பட எல்லா ஒரிஜினலையும் எடுத்துட்டுப் போய் சேருங்க, ஒவ்வொண்ணுக்கும் நாலஞ்சு ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேன் பண்ணி போன்லயும் ஒண்ணு வச்சுட்டு அப்புறமா ஒரிஜினலைக் குடுங்க, காலேஜ் வாங்கி வச்சுட்டா ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ண அந்த ஜெராக்ஸ்தான் கைல இருக்கும்.