செத்த மரப்பட்டையில் தட்டை வண்டா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காற்றில் சாய்ந்த மாமரத்தைச் சில வாரம் தோப்பிலேயே போட்டுவைத்தால் பட்டை கழன்றுகொடுக்கும். நெம்பினால் உள்ளே கன்னங்கரேலென்று, நசுக்கி வைத்ததுபோலத் தட்டையாக ஒரு வண்டு ஓடும். நத்தம், அழகர்கோவில் பக்கத் தோப்புகளில் இதைப் பார்த்ததும் ‘மரத்தைக் கொன்னதே இதுதான்’ என்று முடிவுகட்டி, மருந்தைத் தேடப் போவார்கள். பெரிய தவறு அதுதான்.

பெரும்பாலும் அது ஹோலோலெப்டா என்ற பேரினத்து (நெருங்கிய பல இனங்கள் சேர்ந்த கூட்டம்) வண்டு. மரத்தைத் தின்னாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சாறு புளித்து நாறும்போது ஈக்கள் முட்டையிடும். அந்தப் புழுக்களை வேட்டையாடத்தான் வருகிறது. அந்த இடுக்கில் நுழையத்தான் இத்தனை தட்டை உடம்பு. முன்னால் நீட்டிய தாடையும், பின்பகுதியை முழுசாக மூடாத கட்டைச் சிறகுறையும் அடையாளம். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இதன் இனம் ஒன்றை வாழைக் கிழங்கைக் குடையும் கூன் வண்டுக்கு எதிராகவே வேறு நாடுகளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சோழவந்தான் வாழை விவசாயிகள் இதைக் கவனிக்கலாம். மருந்தடித்தால் சாவது நமக்கு உதவுகிற இந்த வண்டுதான்.

உயிருள்ள மாமரத்தைக் குடைவது தண்டு துளைப்பான் என்ற வேறொரு வண்டு. சாம்பல் பழுப்பு நிறம், நீண்ட உணர்கொம்பு, ஒன்றரை இரண்டு அங்குல உடம்பு. கெடுதல் செய்வது அதன் புழு. கிளை வாடினால் தண்டில் துளையும், அதிலிருந்து கொட்டும் மரத்தூளும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வண்டைப் பார்க்க ஆசை. அதற்காக மொத்தப் பட்டையையும் உரிக்காதீர்கள். மதுரை வெயிலில் கட்டை சீக்கிரமே காய்ந்துவிடும். ஈரம் போனால் ஈப்புழு இல்லை, வண்டும் இல்லை. ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்தபடியே மூடிவையுங்கள். சித்திரையில் காய்ந்த விறகில் தேடுவதும் வீண் வேலை. ஐப்பசி மழைக்கு அப்புறம் ஊறிய கட்டையைப் பாருங்கள்.

வெறுங்கை வேண்டாம். தேளும் பூரானும் அதே இடுக்கில்தான் படுத்திருக்கும். ஸ்குரூ டிரைவர் போதும். திறக்கும் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கக் கூடாது.

செல்போன் படத்தை வைத்து இனப்பெயர் சொல்வதும் அவசரம். சிறகுறையின் நுண்கோடுகளை லென்ஸில் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள், பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போனால் படம் மட்டும் எடுங்கள். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. வண்டை டப்பாவில் போட்டு எடுத்துவர வேண்டாம்.